'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது': யார் தீர்த்தது?

பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குப் போகிற ரோட்டில் மேல்மங்கலத்தைத் தாண்டினால் ஜெயமங்கலம். எங்க ஊர். வராக நதித் தண்ணியில் நெல்லும் வாழையும் தென்னையும் விளைகிற பூமி. அங்கே என் தாய்மாமா ஒரு வாழைத்தார் கமிஷன் கடை வைத்திருக்கிறார். தோட்டத்திலிருந்து தார் வந்து இறங்கும். எடை போடுவார்கள். தண்டுக்கென்று ஒரு கழிவு கழிப்பார்கள். மிச்ச எடைக்கு அன்றைய விலையைப் போட்டு, இறக்குகூலியும் கமிஷனும் பிடித்துக்கொண்டு, விவசாயி கையில் ஒரு சிட்டையும் பணமும் கொடுப்பார்கள். ரொம்ப வருசமாக இதெல்லாம் கார்பன் பேப்பரில்தான் நடந்தது. மூன்று வருசத்துக்கு முன்னால் ஒருத்தர் வந்து, "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திரலாம்ணே, ஒரு தலைவலியும் இருக்காது" என்று சொல்லி ஒரு பில்லிங் சாஃப்ட்வேரை மாட்டிவிட்டுப் போனார்.

ஆறு மாசம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள், அப்பா காலத்திலிருந்தே எங்க கடைக்குத் தார் போடுகிற ஒரு பெரியவர் சிட்டையோடு வந்து நின்றார். "என்னப்பா, நீயும் எடையில அடிக்க ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். மாமாவுக்கு முகம் செத்துப்போச்சு. கமிஷன் வியாபாரத்தில் முதல் என்பது பணம் இல்லை, இந்த ஒரு சொல் வராமல் இருப்பதுதான்.

நடந்தது இதுதான். 800 கிலோ தார், 5 சதவீதம் கழிவு, ஆக 40 கிலோ போக 760 கிலோ. சாஃப்ட்வேர் இதைச் சரியாகத்தான் போட்டது. ஆனால் பில்லில் பெயரையோ கூலியையோ திருத்தி மறுபடி சேவ் பண்ணினால், ஏற்கெனவே கழித்த 760-இல் இன்னொரு 5 சதவீதத்தைக் கழித்து 722 என்று காட்டும். 38 கிலோ காற்றில் போய்விடும். கிலோ 15 ரூபாய் என்றால் 570 ரூபாய். விவசாயிக்கு அது ஒரு ஆள் கூலி.

மாமா சப்போர்ட் நம்பருக்குப் போன் அடித்தார். ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள். ரெண்டு நாள் கழித்து ஒருத்தர் கூப்பிட்டு, "உங்க சைடுல என்ட்ரி தப்பா இருக்கும் சார், செக் பண்ணிப் பாருங்க" என்றார். அன்று சாயங்காலமே எஸ்எம்எஸ் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. மாமா அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்து, நான் செமஸ்டர் லீவுக்குப் போனபோது எடுத்துக் காட்டினார். "மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இதை யாரு தீர்த்தது? எப்பத் தீர்ந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது நான் இரண்டாம் ஆண்டு. ஸ்டாக், கியூ, லிங்க்ட் லிஸ்ட் தெரியும். டிக்கெட் எங்கே போகும் என்று தெரியாது.

மூன்றாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பில்தான் அது தெரிந்தது. மதுரையில் ஒரு சின்ன கம்பெனி. மாமாவுக்குச் சாஃப்ட்வேர் விற்ற கம்பெனி இல்லை, இது மெடிக்கல் ஷாப்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள். டெவலப்மென்ட் டீமில் இடம் இல்லை என்று என்னை சப்போர்ட்டில் உட்கார வைத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், ரூம்மேட்டிடம்கூட அதைச் சொல்லவில்லை. 'டெவலப்பர் இன்டர்ன்' என்றுதான் லிங்க்ட்இன்-இல் போட்டேன். நம்ம டிபார்ட்மென்ட்டில் சப்போர்ட் வேலை என்றாலே பிளேஸ்மென்ட்டில் மிச்சம் விழுந்தவர்களுக்கானது என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அது எனக்கும் இருந்தது.

அங்கே இரண்டு உலகம். ஒரு பக்கம் ஹெல்ப்டெஸ்க். போன், வாட்ஸ்அப், மெயில் எல்லாம் வந்து டிக்கெட்டாக விழும். இன்னொரு பக்கம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், டெவலப்பர்களின் இஷ்யூ டிராக்கர். ஜிரா. (கதை தெரியாதவர்களுக்கு: 1998-இல் மோசில்லாக்காரர்கள் பக்ஜில்லா என்று ஒரு டிராக்கர் செய்தார்கள். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த அட்லாசியன் ஆட்கள், காட்ஜில்லாவுக்கு ஜப்பானியப் பெயரான கோஜிராவைத் தலையை மட்டும் வெட்டி 2002-இல் தங்கள் சொந்த டிராக்கருக்கு வைத்தார்கள்.) சப்போர்ட்டில் இருந்த யாருக்கும் ஜிராவில் லாகின் கிடையாது. ஆளுக்கு இவ்வளவு என்று மாசாமாசம் காசு, எதற்கு வீண்செலவு என்று நிர்வாகம் நினைத்திருந்தது. டெவலப்பர்களுக்கு ஹெல்ப்டெஸ்க்கில் லாகின் இருந்தது, யாரும் திறந்ததில்லை.

நடுவில் ஒரு அக்கா இருந்தார். நாலு வருசமாக சப்போர்ட்டில் இருப்பவர். அவர் மேஜையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பில் ஒரு பிரச்சினை, கீழே எந்தெந்தக் கடைக்காரர் எந்தத் தேதியில் கூப்பிட்டார் என்று வரிசையாக எழுதி, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. எந்தப் பிரச்சினைக்கு டெவலப்பர் பக்கம் யாரிடம் பேசினோம், அவர் என்ன சொன்னார் என்பதும் பென்சிலில் இருக்கும். எனக்கு முதல் வாரத்தில் அது பழைய காலத்துப் பழக்கமாகத் தெரிந்தது. மூன்றாம் வாரத்தில்தான் புரிந்தது, அந்தக் கம்பெனியில் வாடிக்கையாளரையும் கோடையும் இணைக்கிற ஒரே இன்டெக்ரேஷன் அந்த நோட்டுதான். அதற்கு பேக்அப் கிடையாது. அக்கா லீவு போட்டால் சர்வர் டவுன்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் மட்டும் ஓரம் கிழிந்து போகிற அளவுக்கு நிரம்பியிருந்தது. ஒரு அட்டையில் 10 மாத்திரை. வாடிக்கையாளர் 5 மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர் ரிட்டர்ன் என்று போடுவார். சாஃப்ட்வேர் ஸ்டாக்கில் 5 மாத்திரைக்குப் பதில் 5 அட்டையை ஏற்றிவிடும். இதற்கு ஹெல்ப்டெஸ்க்கில் வந்திருந்த டிக்கெட்களின் தலைப்பைப் பாருங்கள்: 'கணக்கு இடிக்குது.' 'இல்லாத மாத்திரை இருக்குன்னு காட்டுது.' 'ஸ்டாக் தானா ஏறுது.' 'ஆடிட்டர் திட்டுறார்.' ஜிராவில் தேடினேன். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு டெஸ்டர் எழுதியிருந்தார்: 'ரிட்டர்ன் ஸ்கிரீனில் யூனிட் கன்வர்ஷன் விடுபட்டுள்ளது.' முன்னுரிமை: குறைவு. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் என்ற கட்டம் காலி.

எட்டு மாசம் அந்த இஷ்யூவும் அந்த டிக்கெட்களும் ஒரே கட்டடத்தில், பத்தடி தூரத்தில், ஒன்றையொன்று பார்க்காமலே இருந்திருக்கின்றன. 'ஆடிட்டர் திட்டுறார்' என்பதும் 'யூனிட் கன்வர்ஷன்' என்பதும் ஒரே விஷயம் என்று எந்த சர்ச் பாக்ஸும் உங்களுக்குச் சொல்லாது. ரெண்டு பாஷையும் தெரிந்த ஒரு ஆள்தான் சொல்ல முடியும்.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஹெல்ப்டெஸ்க்கில் 'இஷ்யூ நம்பர்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அக்கா நோட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்பினார். தினமும் ராத்திரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி, ஒவ்வொரு ஜிரா இஷ்யூவிலும் 'இதற்கு இத்தனை கடைகள் காத்திருக்கின்றன' என்று ஒரு எண்ணை மட்டும் எழுதும். அவ்வளவுதான். அந்த ரிட்டர்ன் பக்கத்துக்கு நேராக 31 என்று வந்தது. டெவலப்மென்ட் லீட் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்து, "முப்பத்தியோரு கடையா? ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். அக்கா ஒன்றும் பேசாமல் நோட்டைத் திருப்பிக் காட்டினார். எத்தனை தடவை சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று பென்சிலில் இருந்தது. திருத்தம் நாலு வரி.

இங்கே டெவலப்பர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கமும் உட்கார்ந்து பார்த்தேன். அவர்களுக்கு டிராக்கரில் நானூறு இஷ்யூ இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கட்டம். எதற்குப் பின்னால் மனுசன் இருக்கிறான், எதற்குப் பின்னால் இல்லை என்று எப்படித் தெரியும்? வாய்வழியாகச் சொன்னது காற்றோடு போகும். அதுவும் அக்கா சொன்னால் 'சப்போர்ட் எப்பவுமே இப்படித்தான் பதறும்' என்று ஆகிவிடும். எண்ணைப் பார்த்ததும் நம்பினார்கள். அக்காவைவிட ஒரு எண்ணை நம்புகிற புத்தி எங்கேயிருந்து வந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இது ஏதோ வாழைத்தார், மாத்திரை அட்டை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் இதே இடைவெளி ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே ஊர் ஊராக இருக்கிற சின்ன தபால் நிலையங்களைத் தனியார்தான் பொறுப்பெடுத்து நடத்துகிறார்கள். 1999-இல் தொடங்கி அவர்களுக்கு ஹொரைசன் என்கிற கணக்கு சாஃப்ட்வேரை மாட்டினார்கள். செய்தது ஐசிஎல், பிற்பாடு அது ஃபுஜிட்சு. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது திரை துண்டு விழுகிறது என்று காட்டும். கல்லாவில் பணம் சரியாக இருக்கும், திரையில் குறையும். ஒப்பந்தப்படி குறைகிற பணத்தை நடத்துகிறவர் கையிலிருந்து கட்ட வேண்டும். ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட்டவர்களில் பல பேருக்குக் கிடைத்த பதில், 'உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை' என்பது.

ஃபுஜிட்சு உள்ளே பிழைகளைப் பதிவு செய்யும் டிராக்கர் இருந்தது. 'தெரிந்த பிழைகளின் பதிவேடு' என்றே ஒரு தனிப் பதிவேடும் இருந்தது. ஒரு பக்கம் பிழை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, இன்னொரு பக்கம் அதே பிழைக்காகக் கூப்பிடுகிற ஆளிடம் 'நீங்கள் மட்டும்தான்' என்று சொல்லப்படுகிறது. 1999-க்கும் 2015-க்கும் நடுவில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்கிற இந்திய வம்சாவளிப் பெண் 2010 நவம்பரில், வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில், 2019 டிசம்பரில்தான் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பதிவேடு அந்த வழக்கில்தான் அலசப்பட்டது. சீமா மிஸ்ராவின் தண்டனை 2021 ஏப்ரலில் ரத்தானது. மிச்சம் பேருக்காக 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அங்கே இணைப்பு இல்லாததற்குக் காரணம் சாஃப்ட்வேர் வசதி இல்லாததா? இல்லை. இணைத்தால் யார் மேல் தப்பு என்று தெரிந்துவிடும். அதனால் நான் இதை வெறும் டூல் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. 'உங்க சைடுல என்ட்ரி தப்பு' என்று மாமாவிடம் சொன்ன ஆளும், 'உங்களுக்கு மட்டும்தான்' என்று லண்டன் பக்கம் சொன்ன ஆளும் ஒரே பள்ளிக்கூடம். அவர்களும் பாவம்தான். அவர்கள் கையில் இருந்த திரையில் அதற்கு மேல் எதுவும் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கே ஹெல்ப்டெஸ்க் செய்து கொடுக்கிற ஊர் நம்ம ஊர். திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குத் திரும்பியபோது, கப்பலில் வந்த எல்சிடி டிவி உடைந்திருந்தது. இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு மாசக்கணக்கில் போன், மெயில். ஒன்றும் நடக்கவில்லை. வெறுத்துப்போய் இணையத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதிப் போட்டார். கம்பெனியின் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்துவிட்டது. அந்த நேரத்தில், 2010-இல், ஜென்டெஸ்க் விலையை ஏற்றி வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த வருசம் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் பிறந்தது. 2021 செப்டம்பரில் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக்கில் ஏறியது. அந்தப் பங்கு வெளியீட்டுக்கு உள்ளே வைத்த பெயர் 'புராஜெக்ட் சூப்பர்ஸ்டார்.' தலைவர் ரசிகர் என்றால் சும்மாவா.

இந்த டிவி கதையை எல்லாரும் 'நல்ல சேவை வேண்டும்' என்பதற்குச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. மாசக்கணக்கில் அவர் பேசியது பிரச்சினையைத் தீர்க்க அதிகாரம் இல்லாதவர்களிடம். ஒரே நாளில் தீர்ந்தது, அதிகாரம் உள்ள ஆள் கண்ணில் பட்டதால். புகார் சரியான மேஜைக்குப் போக வேண்டும் என்பதுதான் விஷயம். ஜெயமங்கலத்து மாமாவுக்கு ட்விட்டர் அக்கவுன்ட் கிடையாது. அவர் எழுதினாலும் எந்த கம்பெனித் தலைவரும் வந்து பார்க்கப் போவதில்லை. அவருக்கு அந்தப் பாதையை சிஸ்டமே போட்டுக் கொடுக்க வேண்டும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் தென்காசி இருக்கிறது. ஜோஹோ 2011-இல் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டது. அங்கே கிராமத்துக் காற்றில் உட்கார்ந்து உருவாக்கியதுதான் ஜோஹோ டெஸ்க். இன்றைக்கு ஜோஹோ டெஸ்க், ஃபிரெஷ்டெஸ்க் எதை எடுத்தாலும் ஜிராவோடு இணைக்க வழி இருக்கிறது. அதாவது கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் சின்ன கம்பெனிகள் பலவற்றில் லாங் சைஸ் நோட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஏனென்றால் பட்டனை அமுக்கி இணைத்துவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், ஒரு மாசத்தில் அந்த இணைப்பைத் தாங்களே அறுத்துவிடுவார்கள்.

ஏன் அறுப்பார்கள்? வருகிற டிக்கெட் எல்லாவற்றையும் அப்படியே டிராக்கரில் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'பாஸ்வேர்ட் மறந்துபோச்சு', 'பிரின்டர்ல பேப்பர் மாட்டுது' எல்லாம் டெவலப்பர் திரையில் வந்து விழும். ஒரே வாரத்தில் அவர்கள் நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிவிடுவார்கள். நியாயம்தான். இரண்டையும் இணைக்க வேண்டும், ஒன்றாகக் கரைக்கக் கூடாது.

ஐடிஐஎல் படித்தவர்களுக்கு இன்சிடென்ட், பிராப்ளம் என்கிற வித்தியாசம் தெரிந்திருக்கும். தெருவில் பத்து வீட்டில் குழாயில் தண்ணி வரவில்லை. அது பத்து இன்சிடென்ட். முக்கில் மெயின் பைப் உடைந்திருக்கிறது. அது ஒரு பிராப்ளம். பத்து வீட்டுக்கும் தனித்தனியாக பிளம்பரை அனுப்பி, 'உங்க குழாய் நல்லாத்தான் இருக்கு' என்று கையெழுத்து வாங்கினால் பத்துப் புகாரும் மூடப்படும். தண்ணி மட்டும் வராது. ஹெல்ப்டெஸ்க் என்பது பத்து வீட்டுக்கான இடம். டிராக்கர் அந்த ஒரு பைப்புக்கான இடம். பல டிக்கெட், ஒரு இஷ்யூ. டேட்டாபேஸ் பேப்பரில் மெனி டு ஒன் என்று படித்து மார்க் வாங்கினோமே, அதேதான். எந்த டிக்கெட் எந்த இஷ்யூவோடு சேரும் என்று முடிவு பண்ணுகிற வேலைதான் கஷ்டமானது, மரியாதைக்குரியது. அதைச் செய்தவர் அந்த அக்கா.

அடுத்து, இந்தப் பாதை இரண்டு பக்கமும் ஓட வேண்டும். எண்ணிக்கை மேலே போனால் மட்டும் போதாது, செய்தி கீழே வர வேண்டும். இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு குழி இருந்தது. அந்த நாலு வரித் திருத்தம் முடிந்ததும் ஜிராவில் 'முடிந்தது' என்று ஆனது. என் ஸ்கிரிப்டைக் கொஞ்சம் நீட்டி, 31 டிக்கெட்டிலும் 'சரிசெய்யப்பட்டது' என்று மெசேஜ் போகிற மாதிரி செய்யலாமா என்று ஆசையோடு கேட்டேன். அக்கா சிரித்தார். "தம்பி, முடிஞ்சதுன்னா எங்க முடிஞ்சது? அவுங்க மிஷின்ல முடிஞ்சது. வெர்ஷன் ரிலீஸ் ஆகணும். ரிலீஸ் ஆனாலும் அந்தக் கடைக்காரர் அப்டேட் போடணும். திருமங்கலத்துல ஒருத்தர் ரெண்டு வருசம் பழைய வெர்ஷன்ல ஓட்டுறாரு. அவருக்கு மெசேஜ் போனா என்னைத்தான் போன்ல வையுவாரு."

'முடிந்தது' என்பதற்குள் மூன்று முடிந்தது இருக்கிறது. கோட் எழுதியாச்சு. வெளியிட்டாச்சு. என் கடையில் சரியாச்சு. நம்ம டூல்களில் முதல் இரண்டுக்குத்தான் பெயர் இருக்கிறது. மூன்றாவதை வாடிக்கையாளர் ஒருத்தர்தான் சொல்ல முடியும். ஆகவே டிக்கெட்டை மூடுகிற உரிமை அவருக்குத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. பல பேர் பதிலே போட மாட்டார்கள், டிக்கெட் வருசக்கணக்கில் திறந்தே கிடக்கும் என்பார்கள். கிடக்கட்டுமே? 'பதில் வரவில்லை' என்று ஒரு தனி நிலை வைத்துக்கொள்ளுங்கள். 'தீர்க்கப்பட்டது' என்று பொய் எழுதாதீர்கள். இங்கே பொய் எழுத வைப்பது மனிதர்கூட இல்லை, மாசக் கடைசி ரிப்போர்ட். ஒரு ஆள் எத்தனை டிக்கெட் மூடினார் என்று எண்ணினால், மூடுவார்கள். அந்த டிக்கெட் எத்தனை தடவை திரும்ப வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அக்கா எல்லாக் கடைகளுக்கும் போன் பண்ணினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டிக் அடித்தேன். 31-இல் ஏழு பேர் ஏற்கெனவே வேறு சாஃப்ட்வேருக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒருத்தர் மட்டும், "பரவால்லம்மா, எட்டு மாசம் கழிச்சாவது ஞாபகம் வச்சுக் கூப்பிட்டியே" என்றார். அக்கா போனை வைத்துவிட்டுத் தண்ணி குடிக்க எழுந்து போனார், கொஞ்ச நேரம் வரவில்லை.

இணைக்கும்போது ஒரு ஜாக்கிரதை. மெடிக்கல் ஷாப் டிக்கெட்டில் வருகிற ஸ்கிரீன்ஷாட்டில் நோயாளி பெயர் இருக்கும், என்ன மாத்திரை வாங்குகிறார் என்று இருக்கும். மாமா கடை டிக்கெட் என்றால் விவசாயியின் போன் நம்பரும் பேங்க் கணக்கும். டிராக்கரை வெளியாள், கான்ட்ராக்ட் ஆள் எல்லாம் பார்ப்பார்கள். டிக்கெட்டை முழுசாக அங்கே ஒட்டக் கூடாது. எண்ணிக்கை, நடந்த விதம், திரும்பச் செய்து பார்க்கிற வழி, இவ்வளவு போனால் போதும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. அது இல்லாவிட்டாலும், ஒருத்தர் சர்க்கரை மாத்திரை வாங்குவதை நூறு பேர் படிக்க வேண்டிய அவசியம் என்ன?

இப்போது புதுசாக ஒன்று வந்திருக்கிறது. முதல் பதிலை சாட்பாட் சொல்லிவிடுகிறது. 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்' என்று அரை வினாடியில் புரிந்துகொள்கிறது. டிக்கெட் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று காட்டுவார்கள். குறையும். ஆனால் 'அட, இந்த வாரத்தில் இது நாலாவது ஆள்' என்று ஒரு காது கவனிக்குமே, அதுவும் சேர்ந்து போய்விடும். பாட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே மாதிரிப் புகார்களைச் சேர்த்துக் காட்டச் சொன்னால் அது அக்காவின் நோட்டுக்கு நல்ல துணை. ஆளை அனுப்பி வைக்கிற வேலைக்கு மட்டும் அதை வைத்தால், ஹெல்ப்லைனில் 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொன்ன குரலை மலிவாக வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

நம்ம காலேஜுக்கு வருகிறேன். இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூவில் மாடல் அக்யூரசி கேட்பார்கள், ஆர்க்கிடெக்சர் டயக்ராம் கேட்பார்கள். 'இதை யார் பயன்படுத்தினார், அவர் என்ன குறை சொன்னார், அதற்கு என்ன செய்தாய்?' என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டால் முக்கால்வாசிப் பேர் மாட்டுவோம், நானும்தான். ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு கிட்ஹப் இஷ்யூ பக்கம், நடுவில் ஒரு எண். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். புராஜெக்ட் செய்கிற நாலு பேரில் ஒருத்தர் ஒரு மாசம் முழுக்க பயன்படுத்துகிறவர்களின் போனை மட்டும் எடுக்கட்டும், மாசாமாசம் ஆள் மாறட்டும். லிங்க்ட்இன்-இல் நான் போட்டிருந்த பொய்யை எடுத்துவிட்டு 'சப்போர்ட் இன்டர்ன்' என்று மாற்றிவிட்டேன். அதற்கு லைக் ரொம்பக் குறைவு.

மாமா விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இன்டர்ன்ஷிப் முடிந்து ஊருக்குப் போனபோது அவர் கடையில் உட்கார்ந்து, பில்லைப் போட்டு, திருத்தி, சேவ் பண்ணி, கழிவு இரண்டு தடவை போவதைப் படிப்படியாக எழுதி, எடை எண்களோடு அந்த கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். புது டிக்கெட் நம்பர் வந்தது. ஏழு நாள் கழித்து, 'உங்களிடமிருந்து மறுமொழி இல்லாததால் இந்தப் புகார் மூடப்படுகிறது' என்று வந்தது. அவர்கள் என்னிடம் எதையுமே கேட்டிருக்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு மாமா 570 ரூபாயைத் தன் பையிலிருந்து கொடுத்துவிட்டார். பழைய சிட்டைகளை எல்லாம் எடுத்து ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்து, இன்னும் சில பேருக்கும் கொடுத்தார். எவ்வளவு என்று அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை. சாஃப்ட்வேரை விடவில்லை, இப்போதும் அதில்தான் பில் போடுகிறார். மானிட்டர் ஓரத்தில் ஒரு பேப்பர் டேப், அதில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறார்: 'பில்லைத் திருத்தாதே. அழிச்சிட்டுப் புதுசாப் போடு.' போன மாசம் போனபோது டேப்பின் ஒரு முனை பிய்ந்திருந்தது. கடைப் பையன் அதன் மேலேயே இன்னொரு டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தான்.